கயிறு கட்டிய இடம்

வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்று அம்சம் பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தோப்பு மேனேஜர் சவரியப்பன் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். தலையை ஆட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வியாழக்கிழமை காலை, தேங்காய் லோடோடு வந்த வண்டி பாதையை விட்டு இறங்கி, போன ஆனியில் டாக்டரம்மா தன் கையால் வைத்த தென்னம்பிள்ளைகள் இரண்டை முறித்துப் போட்ட பிறகுதான் அந்தத் தலை ஆடாமல் நின்றது.

பேராவூரணிக்குத் தெற்கே, கடைமடை வாய்க்காலை ஒட்டிய நாற்பது ஏக்கர் தோப்பு அது. உடைமைக்காரி டாக்டர் அனுராதா சென்னையில் இருந்தார். புயலில் பாதி மரம் சாய்ந்துபோக, மறுபடி கன்று வைத்துச் சொட்டுநீர்க் குழாய் பதித்தார்கள். டிராக்டர் உள்ளே வந்தால் குழாயெல்லாம் நசுங்கிவிடும் என்று ஒரு ஏடிவியை வாங்கிப் போட்டார் டாக்டரம்மா. நாலு தடித்த சக்கரம், மேலே மோட்டார் சைக்கிள் ஹேண்டில்பார், அதில் கட்டைவிரலால் அழுத்தும் வேக விசை, பின்னால் மாட்டிக்கொள்ள ஒரு சின்ன டிரெய்லர். காய் பொறுக்கும் பெண்கள் அதற்குத் தவளை என்று பேர் வைத்தார்கள். பார்ப்பதற்கும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கும்.

வண்டி வந்த புதிதில் நாலு ஆம்பளைகள் ஏறிப் பார்த்தார்கள். ஒருவன் மோட்டார் கொட்டகைச் சுவரில் மோதினான். இன்னொருவன் விசையை அழுத்திய அழுத்தில் தேங்காயெல்லாம் பாதையில் உருண்டன. பள்ளிக்கூட நாளில் சைக்கிளும், கல்யாணத்துக்குப் பிறகு ஸ்கூட்டியும் ஓட்டிய அம்சம், நான் பார்க்கட்டுமா என்று கேட்டு ஏறினாள். பத்தொன்பது மாதமாக இறங்கவில்லை. அவளுடைய அம்மா இதே ஊரில் அடுத்தவர் வயலில் நட்டு, களை எடுத்து, கட்டுக் கட்டாகத் தலையில் சுமந்தவள். அம்சமும் முப்பது வயது வரை நடவாள்தான், அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து வருஷம் காய் பொறுக்கியவள். இப்போது சீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள். சம்பளத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஆனால் காலையில் சாவியைக் கையில் வாங்கும்போது அவளுடைய தோள் ஒரு அங்குலம் உயரும், அதை அவளே ஒப்புக்கொள்வாள்.

அந்தச் சாவியைத்தான் சவரியப்பன் திருப்பிக் கேட்டார். திங்கட்கிழமை பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு டிரைவர் வருகிறான், நீ பழையபடி காய் பொறுக்கப் போ என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. டாக்டரம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம்தான்.

"உனக்குக் கை பத்தலம்மா. அது ஆம்பளக் கைக்கு உள்ள வண்டி."

"பத்தாத கையை வச்சுக்கிட்டா சார் பத்தொம்பது மாசம் ஓட்டுனேன்?"

"போன வாரம் வண்டிக் கம்பெனி ஆளு வந்து பாத்துட்டு, வண்டி நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டுப் போனார்ல?"

"அவரு டிரெய்லரைக் கழட்டிட்டு, தார் ரோட்டுல ஒரு ரவுண்டு போயிட்டு வந்தாரு. லோடு ஏத்தி மண்ணுல ஓட்டிப் பாத்தாரா?"

சவரியப்பன் சாவிக்காகக் கையை நீட்டினார். அம்சம் சாவியைக் கொடுக்காமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வண்டியை என்னிடம் விடுங்கள், என்ன கோளாறு என்று கண்டுபிடித்துக் காட்டுகிறேன், முடியவில்லை என்றால் நானே சாக்கை எடுத்துக்கொண்டு காய் பொறுக்கப் போய்விடுகிறேன் என்றாள். அவர் வழக்கம்போலத் தலையை ஆட்டினார். அந்த ஒரு தடவை அது உதவியாக இருந்தது.

அன்று மூன்று மணிக்கெல்லாம் வேலை முடிந்தது. ஐப்பசி மாதம், வானம் மூடிக்கொண்டு மழை வருகிறேன் வருகிறேன் என்று போக்குக் காட்டியது. மோட்டார் கொட்டகையில் வண்டியை நிறுத்திவிட்டு அம்சம் புருஷனுக்குப் போன் போட்டாள். அவன் பெயர் வீரையன். வாடகை டிராக்டர் ஓட்டுகிறவன். ஊரில் அவனுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சேற்றில் எந்த வண்டி மாட்டினாலும் வீரையனைத்தான் கூப்பிடுவார்கள். பூதலூர்ப் பக்கம் ஒரு அறுப்பு மெஷின் பாதி உடம்பு புதைந்து, இரண்டு டிராக்டர் இழுத்தும் அசையாமல் கிடந்தபோது, இவன் போய் கயிற்றை இடம் மாற்றிக் கட்டி ஒரே இழுப்பில் கரையேற்றினான். அந்தக் கதையைச் சொல்லச் சொன்னால் சொல்வான். சொல்லச் சொல்லாவிட்டாலும் சொல்வான்.

வரும்போதே ஒரு தூக்கில் சோறும், கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்திருந்தான். இரண்டு பேரும் கொட்டகை நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டே அம்சம் கோளாறை விவரித்தாள். வண்டிக்கு இரண்டு குணம் வந்திருக்கிறது என்றாள். ஒன்று, சின்னக் கல்லில் ஏறினாலும் ஹேண்டில் துள்ளிக் கையை உதறுகிறது. இரண்டு, நேராகப் பிடித்தால் இடது பக்கம் போகிறது, நேராகப் போக வேண்டுமென்றால் வலது பக்கம் ஒடித்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. லோடு ஏற ஏற இழுப்பும் ஏறுகிறது.

"ரெண்டும் ஒரே கோளாறா இருக்கும்" என்றான் வீரையன்.

"எனக்கு அப்படித் தோணல. துள்ளுறது வேற, இழுக்கிறது வேற."

முதலில் துள்ளலைப் பார்த்தார்கள். மட்கார்டில் ஒட்டியிருந்த மங்கிய இங்கிலீஷ் சீட்டை அம்சம் போனில் படம் எடுத்து, தஞ்சாவூரில் நர்ஸாக இருக்கும் மகள் சுடர்விழிக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் மகள் கூப்பிட்டாள். முன்சக்கரத்துக்கு அஞ்சு பாயிண்டு காற்றுதான் என்று போட்டிருக்கிறதாம். வீரையன் சிரித்துவிட்டான். சைக்கிளுக்கே அதைவிட அதிகம் அடிப்போம், இவ்வளவு பெரிய டயருக்கு அஞ்சா, மறுபடி படிக்கச் சொல் என்றான். மகள் மறுபடியும் அஞ்சு என்றே படித்தாள்.

அம்சம் தலையில் கை வைத்துக்கொண்டாள். மழைக்குப் பிறகு லோடு தாங்கட்டும் என்று பஞ்சர் கடையில் இருபத்தைந்து அடித்துக்கொண்டு வந்தது அவள்தான். லோடு வண்டி என்றால் காற்று கல் மாதிரி இருக்க வேண்டும் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இந்த வண்டிக்கு மட்டும் அது தெரியவில்லை. வண்டியோடு வந்த குட்டிக் கேஜை வைத்து இரண்டு பக்கமும் சமமாகக் காற்றை இறக்கினாள். டயர் தளர்ந்து மண்ணில் பரந்து உட்கார்ந்தது. தோப்புக்குள் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தாள். துள்ளல் போயிருந்தது. இழுப்பு அப்படியே இருந்தது.

"நான் சொன்னேன்ல, ரெண்டு வேற வேறன்னு" என்றாள். தன் தப்பைக் கண்டுபிடித்ததிலும் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

அடுத்தது இழுப்பு. ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, அடியில் ஒரு தென்னந்துண்டை முட்டுக்கொடுத்தார்கள். பிரேக் ஏதாவது பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று சக்கரங்களைக் கையால் சுற்றிப் பார்த்தாள். இரண்டும் இலகுவாகச் சுற்றின. பேரிங் போயிருக்குமோ என்று மேலும் கீழும் பிடித்து ஆட்டினான் வீரையன். ஆட்டம் இல்லை. பிறகு அம்சம் இடது டயரில் புடைத்திருந்த பட்டன்களைக் கையால் தடவினாள். ஒரு பக்கமாகத் தடவினால் வழவழ என்றிருந்தது. எதிர்ப்பக்கமாகத் தடவினால் கையை அறுத்தது. நெல்தாளைக் கீழ்நோக்கி உருவினால் அப்படித்தான் அறுக்கும். வலது டயரில் அந்த அறுப்பு இல்லை.

இந்தச் சக்கரம் உருளவில்லை, மண்ணைத் தேய்த்துக்கொண்டே போகிறது என்றாள் அம்சம். அது பார்க்கும் திசையும் வண்டி போகும் திசையும் ஒன்றில்லை. அவளுக்கு அதற்குமேல் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்குப் போய், பரணில் கிடந்த நடவுக் கயிற்றை எடுத்துக்கொண்டு வரும்படி வீரையனை விரட்டினாள்.

ஒற்றை நாற்று நடவு வந்த காலத்தில் அம்சம் இருபது பேர் கொண்ட கோஷ்டிக்குத் தலைவியாக இருந்தவள். கயிறு பிடித்து, முடிச்சுக்கு ஒரு நாற்று வைக்க வேண்டும். வரிசை கொஞ்சம் கோணினாலும் களையெடுக்கும் உருளை நடுவில் போகாது. கயிற்றைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத கோணலையும் சொல்லிவிடுவாள். வேலையாட்களுக்கு அது பிடிக்காது, நில உடைமைக்காரர்களுக்குப் பிடிக்கும்.

வண்டியை இறக்கிச் சமதளத்தில் நிறுத்தி ஹேண்டிலை நேராக்கினார்கள். முன்சக்கரங்கள் இரண்டிலும், நடு அச்சு உயரத்தில், முன்பக்கம் சுண்ணாம்பால் புள்ளி வைத்தாள். புள்ளிக்குப் புள்ளி கயிறு பிடித்து அளந்து, அந்த இடத்தில் ஊக்கு மாட்டினாள். பிறகு புள்ளிகள் பின்பக்கம் வரும்வரை வண்டியை உருட்டச் சொல்லி, அங்கேயும் அதே உயரத்தில் அளந்தாள். பின்பக்க அளவைவிட முன்பக்க அளவு மூன்று விரல்கடை கூடுதல். சக்கரங்கள் முன்னால் விரிந்திருக்கின்றன. இதில் எது யோக்கியன், எது திருடன் என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு பக்கமும் பின்சக்கரத்தை ஒட்டிக் கயிற்றைக் கட்டி முன்னுக்கு இழுத்தார்கள். வலது சக்கரத்தில் கயிறு படிந்து உட்கார்ந்தது. இடதில் டயரின் முன் ஓரத்தை மட்டும் தொட்டது, பின்னால் இடைவெளி விட்டது.

அம்சம் தரையில் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தாள். ஹேண்டிலின் அடித்தண்டிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி பக்கத்துக்கு ஒன்று இருக்கிறது, பெருவிரல் கனம்தான் இருக்கும். வலது கம்பி நேராக இருந்தது. இடது கம்பி நடுவில் வளைந்திருந்தது. வளைந்த இடத்தில் பெயிண்ட் உரிந்து, நாலைந்து நீல நைலான் இழைகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

அவள் ஓர் இழையைப் பிய்த்து விரலில் சுற்றிக்கொண்டாள். அந்த நீலக் கயிறு யாருடையது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் பெய்த மழையில் மூன்றாவது பிளாக்கின் வடிகால் பக்கம் எருவோடு போன வண்டி சேற்றில் இறங்கிவிட்டது. குழாய் பதிக்காத வடிகால் கரை வழியாக வீரையன் டிராக்டரோடு வந்தான். முழங்கால் சேற்றில் குனிந்து, கையால் துழாவி, தன்னுடைய நீலக் கயிற்றைக் கட்டி, ஐந்தே நிமிஷத்தில் இழுத்துப் போட்டான். பெண்கள் கை தட்டினார்கள். சவரியப்பன் எல்லோருக்கும் டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தார். அதற்கப்புறம் மூன்று நாள் மழை, வேலை இல்லை. பிறகு அம்சம் காற்று அடித்தாள். கோளாறு காற்றுக்குப் பின்னால் வந்தது போலத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

"என்னங்க, இங்க வந்து பாருங்க."

வீரையன் படுத்துப் பார்த்தான். எழுந்து உட்கார்ந்தபோது முதுகெல்லாம் மண்.

"டிராக்டர்னா அந்த எடத்துல ஆக்ஸில் இருக்கும்" என்றான். "தொடை கனம் இருக்கும். யானையைக் கட்டி இழுத்தாலும் ஒண்ணும் ஆவாது. அன்னிக்குச் சேத்துக்குள்ள கண்ணு தெரியல. குறுக்க ஒரு இரும்பு அகப்பட்டுது, கட்டுனேன்."

"தெரியும்ங்க."

"மேனேஜர்கிட்ட என்னன்னு சொல்லப் போற?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. அடிக்கட்டையில் மோதி வளைந்தது என்று சொல்லலாம். சொன்னால், மோதியது யார் என்று கேட்பார்கள், சீட் போய்விடும். உண்மையைச் சொன்னால் சீட் நிற்கும், வீரையனின் பேர் போய்விடும். அந்த மனிதனிடம் இருக்கிற ஒரே சொத்து அந்தப் பேர்தான். அவன்மேல் ஆத்திரமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது. முதலில் வண்டியைச் சரி பண்ணுவோம் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை கம்பியைக் கழற்றி எடுத்துக்கொண்டு பேராவூரணியில் கலந்தர் பட்டறைக்குப் போனார்கள். முப்பது வருஷமாக லாரிகளின் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டுகிறவர் கலந்தர். கம்பியை மேஜைக் கண்ணாடிமேல் உருட்டினார். அது குலுங்கிக் குலுங்கி ஓடியது. அம்சம், இதை நிமிர்த்தித் தர முடியுமா பாய் என்று கேட்டாள்.

"நிமித்தலாம்மா. நிமித்துன எடத்துல ஒருநாள் முறியும். முறியுறப்ப நீ மேல உக்காந்திருப்ப. புதுசு போடு. இது இழுக்கிறதுக்கு உள்ள கம்பி இல்ல, சக்கரத்துக்கு வழி சொல்றதுக்கு உள்ளது. எந்தப் புண்ணியவான் இதுல கயிறு கட்டுனது?"

வீரையன் அங்கே நின்ற லாரியின் சக்கரத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சேத்துல மாட்டிக்கிச்சு பாய். இழுத்தோம்" என்றாள் அம்சம்.

புதுக் கம்பி தஞ்சாவூரிலிருந்து சனிக்கிழமை பஸ்ஸில் வந்தது. கலந்தரே தோப்புக்கு வந்து மாட்டினார். கம்பியின் முனையில் உள்ள நட்டைத் தளர்த்தித் திருகினால் சக்கரம் உள்ளே வரும், வெளியே போகும். அம்சம் கயிறு பிடித்து, இன்னும் அரை விரல், இன்னும் கொஞ்சம், போதும் என்று சொல்லச் சொல்ல அவர் திருகினார். கடைசியில் தன்னுடைய அளவுக் கம்பியை எடுத்து ஒரு தடவை சரிபார்த்தார். கயிறு சொன்னதையே அதுவும் சொன்னது. கலந்தர் கம்பியைப் பைக்குள் வைத்துவிட்டு, எங்கம்மா கத்துக்கிட்ட என்று கேட்டார். நடவுலதான் பாய் என்றாள். அவருக்குப் பதில் பிடித்திருந்தது. கூலியில் பாதிக்கு மேல் வாங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்துப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வெள்ளை வேட்டியோடு நேராகத் தோப்புக்கு வந்தார் சவரியப்பன். காய் பொறுக்கும் பெண்கள் லீவு நாளிலும் வந்து வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். மாலதி என்பவள்தான் அவர்களுக்கெல்லாம் வாய். முந்நூறு காயை டிரெய்லரில் ஏற்றினார்கள். அம்சம் வண்டியை எடுத்தாள். பாதையின் ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் கன்றுகள். பாதி தூரம் போனதும் விசையிலிருந்து விரலை எடுத்து, இரண்டு கைகளையும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி போன வேகத்திலேயே நேராக உருண்டு, வாய்க்கால் பக்கமும் சாயாமல், கன்றுப் பக்கமும் சாயாமல், தானாக நின்றது. வரப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அம்சம் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தினாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை, அதைவிடப் பெரிதாக ஏதோ இருந்தது.

கம்பி வளைந்திருந்தது சார், மாற்றியாச்சு என்று மட்டும் சொன்னாள். சவரியப்பன் அவளைத் தாண்டி, கொட்டகை ஓரமாக நின்ற வீரையனிடம் போய் அவன் தோளில் தட்டினார்.

"எனக்கு அப்பவே தெரியும் வீரையா. நீ கை வச்சா ஆவாதது உண்டா? பட்டுக்கோட்டை ஆளை வேணாம்னு சொல்லிடுறேன். நீயே இந்த வண்டியை எடுத்துக்க. மாசச் சம்பளம். மழைக் காலத்துல டிராக்டருக்கு ஏது வேலை? அம்சத்துக்கும் கஷ்டம் விட்டுது."

சீட் வேறு யாருக்கும் போகவில்லை, வீட்டுக்குள்ளேயேதான் இருக்கிறது. யார் கேட்டாலும் நல்லதுதானே என்பார்கள். வருஷத்தில் மழைக்கால மூன்று மாதம் வேலையில்லாமல் கிடக்கிற மனிதன் அவன். அம்சம் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, ஹேண்டில்பாரைப் பார்த்தாள்.

வீரையன் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

"சார், அந்தக் கம்பியை வளைச்சதே நான்தான். அன்னிக்கு சேத்துலேருந்து இழுத்தப்ப எல்லாரும் கை தட்டுனீங்கள்ல, அப்ப வளைஞ்சுது. கட்டக் கூடாத எடத்துல கட்டிப்புட்டேன்."

வரப்பில் சலசலப்பு எழுந்து அடங்கியது. அவன் நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகவே பேசினான்.

"பத்து நாளா இழுக்குது இழுக்குதுன்னு இது சொன்னுச்சு. நீங்களும் கேக்கல, கம்பெனி ஆளும் கேக்கல, நானும் கேக்கல. கயிறு புடிச்சு அளந்து, அடியில படுத்துக் கண்டுபிடிச்சது அம்சம். வளைஞ்ச கம்பியோட அந்த லோடை வாய்க்கால்ல விடாம இத்தன நாள் ஓட்டியிருக்கே, அந்தக் கை எனக்கு வராதுங்க. எனக்கு வண்டியை இழுக்கத்தான் தெரியும். ஓட்டுறது அதுதான்."

"காத்தை அளவுக்கு மேல அடிச்சது நான் சார்" என்றாள் அம்சம். "அதையும் சேத்தே எழுதிக்குங்க."

மாலதிக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. இந்த ஊரில் புருஷனும் பொண்டாட்டியும் தப்பை மற்றவர்மேல் போட்டுத்தான் பார்த்திருக்கிறோம், இங்கே என்னடா என்றால் பங்கு போட்டுக்கொள்கிறார்களே என்றாள். சிரிப்பு கிளம்பியது. சவரியப்பன் அம்சத்தின் பக்கம் திரும்பினார். கன்று முறிந்த அன்று தான் பேசிய பேச்சு அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், கையைப் பிசைந்தார். டாக்டரம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன், நாளைக்கு எட்டு மணிக்கு வந்துவிடும்மா என்று சொல்லிவிட்டு, பட்டுக்கோட்டைக்குப் போன் போட ஓரமாக நடந்தார்.

லோடைக் காய் சேர்த்து வைக்கும் கிட்டங்கியில் இறக்க வேண்டியிருந்தது. அம்சம் சீட்டில் உட்கார்ந்து புருஷனைப் பார்த்தாள். இத்தனை பேருக்கு முன்னால் தன் பேரைத் தானே கீழே போட்டுவிட்டு நிற்கிறவன், இதற்கு முன் அவளுக்கு இவ்வளவு உயரமாகத் தெரிந்ததில்லை.

"ஏறுங்க" என்றாள்.

பொண்டாட்டி ஓட்டும் வண்டியில் அவன் அதுவரை ஏறியதில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்க, தேங்காய்க் குவியல்மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"நல்லா புடிச்சுக்குங்க."

"எதுக்கு?" என்றான் வீரையன். "நேராத்தானே போவுது."